வாஷ்பேசினுக்கு அடியில் ஒரு 'ப'



ரொம்ப நாளாக நான் ஒன்றும் எழுதவில்லை. "டீச்சர், சுகமா இருக்கியளா?" என்று எத்தனையோ பேர் கேட்டிருந்தீர்கள். சுகம்தான். மழை நன்றாகப் பெய்கிறது, வேளிமலை பாதி நாள் மேகத்துக்குள்ளேயே இருக்கிறது.

இன்றைக்கு நான் எழுதப்போவது பாத்ரூம் வாஷ்பேசினைப் பற்றி. சிரிக்காதீர்கள். வாஷ்பேசின் என்றால்கூட மேலே இருக்கிற தொட்டி இல்லை, அதற்கு அடியில் இருக்கிற காலி இடம். அந்த இடத்துக்காக எங்கள் வீட்டில் மூன்று வருடம் பாடுபட்டோம். வேலை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடவப்பாதியும் துலாமழையும் ஒரு சுற்றுத் தாண்டாமல் நம் ஊரில் எந்த மர வேலையையும் நல்லது என்று சொல்லக்கூடாது. அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன். வீடு கட்டுகிறவர்கள், அப்பா அம்மாவுக்குப் பாத்ரூம் மாற்றிக் கொடுக்க நினைக்கிறவர்கள் கடைசிவரை படியுங்கள்.

எங்கள் சின்ன வயதில் வாஷ்பேசின் ஏது? திண்ணையில் கிண்டி நிறையத் தண்ணீர் இருக்கும். வெளியே போய் வந்தால் காலைக் கழுவிவிட்டுத்தான் படி ஏற வேண்டும். முகம் கழுவுவது கிணற்றடியில். சோப்பு கிணற்றுக் கட்டையின் மேல், உமிக்கரி ஒரு சிரட்டையில், கழுவின தண்ணீர் தென்னை மூட்டுக்கு. குழாய் இல்லை, அதனால் குழாயை மறைக்கிற கவலையும் இல்லை.

பிறகு வீட்டுக்குள் பேசின் வந்தது. எங்களுடையது வெள்ளைப் பீங்கான் தொட்டி, அடியில் பீங்கான் கால். இருபத்தைந்து வருடம் இருந்தது. 2021-ல் குவைத்திலிருந்து மகன் லீவுக்கு வந்தான். "அம்மா, இதெல்லாம் பழசாப் போச்சு. உங்க ரெண்டு பேருக்கும் நல்லதா ஒண்ணு செஞ்சு தாறேன்" என்று சொல்லி, பாத்ரூம் முழுக்கப் புது டைல்ஸ் ஒட்டினான். ஒரு கடையில் படம் பார்த்து, பேசினும் கப்போர்டும் சேர்ந்த ரெடிமேட் செட் வாங்கினான். பதினாலாயிரம் ரூபாய். பளபளவென்று வெள்ளை நிறம். மேலே ரெண்டு இழுப்பறை, கீழே ரெண்டு கதவு. பார்க்க ஆசையாக இருந்தது.

மாட்டுகிற அன்றைக்குத்தான் சங்கதி தெரிந்தது. பேசினிலிருந்து இறங்குகிற கழிவுக் குழாயும், அதற்குக் கீழே தொங்குகிற பாட்டில் டிராப்பும் சரியாக இழுப்பறை வருகிற இடத்தில் இருந்தன. சுவரில் இருக்கிற ரெண்டு ஆங்கிள் காக்கும் பின்பக்கப் பலகையில் இடித்தன. வந்திருந்த ஆள் யோசிக்கவே இல்லை. ரம்பத்தை எடுத்துப் பின்பலகையில் கண்டபடி ஓட்டை போட்டார். இழுப்பறைகளின் பெட்டியைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, முகப்பை மட்டும் பசை போட்டு ஒட்டிவிட்டார். கைப்பிடி இருக்கும், இழுக்க முடியாது. எங்கள் வீட்டுக்கு வந்த எத்தனையோ பேர் அதை இழுத்துப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். என் தங்கை ஒருமுறை காலை ஊன்றி இழுத்துக் கைப்பிடியே கையோடு வந்துவிட்டது.

கீழே கதவுக்குள் என்ன வைத்தேன் என்று கேளுங்கள். டாய்லெட் கழுவுகிற ஆசிட், பிளீச்சிங் பவுடர், பினாயில், பழைய பிரஷ்கள், தேங்காய் எண்ணெய், அவருடைய ஷேவிங் சாமான், தீர்ந்துபோன ஷாம்பு பாட்டில்கள். குழாய் நடுவில் நிற்கிறதால் எதையும் ஒழுங்காக அடுக்க முடியாது. முன்னால் இருப்பதை எடுத்தால்தான் பின்னால் இருப்பது தெரியும். பின்னால் என்ன நடக்கிறது என்று மூன்று வருடம் நான் பார்க்கவே இல்லை.

2024 தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால். பேச்சு கொஞ்சம் குழறியது, பிறகு சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கம்பை ஊன்றி நாலடி நடப்பார். அதிக நேரம் நிற்க முடியாது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்தவர். குலசேகரம், பேச்சிப்பாறை மலை ரோட்டில் பஸ் ஓட்டின கை. அதிகாலை டியூட்டி என்றால் மூன்றரை மணிக்கு எழுந்து ஷேவ் செய்து, பௌடர் போட்டு, காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் போவார். ரிட்டயர் ஆன பிறகும் ஷேவ் செய்யாமல் காலைக் காப்பி குடித்ததை நான் பார்த்ததில்லை.

அந்த மனிதருக்குப் பேசின் முன்னால் நிற்க முடியவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். முழங்கால் கப்போர்டுக் கதவில் இடித்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் குழாய் எட்டவில்லை, முன்னால் குனிந்தால் விழுந்துவிடுவாரோ என்று பயம். பக்கவாட்டில் போட்டுப் பார்த்தோம், தண்ணீரெல்லாம் மடியில் விழுந்தது. நாலு நாள் பாடுபட்டுவிட்டுச் சொன்னார்:

"விடு பிள்ளே. எனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியும் கப்பும் போதும். கட்டில்லயே கொண்டு வந்து தா."

கொண்டு வந்து கொடுத்தேன். அஞ்சு மாதம் அப்படித்தான் நடந்தது. ஷேவிங்கை விட்டுவிட்டார். நான் செய்து விடுகிறேன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தாடி வளர்ந்தது. யாராவது பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். வந்தவர்கள் "பாவம், தளர்ந்து போனாரு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். மகனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆசையாக வாங்கிக் கொடுத்தவனிடம் போனில் எப்படிச் சொல்வது?

ஆனி மாதச் சாரலில் ஒருநாள் கப்போர்டுக் கதவைத் திறந்தேன். கீல் பிடுங்கிக் கதவு என் காலில் விழுந்தது. உள்ளே பார்த்தால் அடிப்பலகை அப்பம் மாதிரி உப்பியிருந்தது. பாட்டில் டிராப்பின் நட்டு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எத்தனை மாதமாகவோ! பழைய பிரஷ்களுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா மூலம் அழகியமண்டபம் பக்கத்திலிருந்து ஒரு பிளம்பர் வந்தான். வந்த உடனே, "டீச்சரே, என்னைத் தெரியுதா? நான் உங்ககிட்ட அஞ்சாங்கிளாஸ் படிச்சவன்" என்றான். முகத்தைப் பார்த்தேன், பெயரைக் கேட்டேன். எனக்கு நினைவே வரவில்லை. முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவள் நான். குறும்பு செய்தவர்களும் முதல் மார்க் வாங்கினவர்களும் மனதில் நிற்கிறார்கள். நடுவில் சத்தமில்லாமல் இருந்த பிள்ளைகள் எத்தனை பேரோ! "தெரியாமலா மக்ளே!" என்று பொய் சொன்னேன். அவன் சந்தோஷமாகச் சிரித்தான். இதை அவன் படிப்பான். மக்ளே, அன்றைக்கு நான் சொன்னது பொய். மன்னித்துக்கொள். இனி மறக்க மாட்டேன்.

அவன் கப்போர்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். நட்டை இறுக்கிவிட்டுப் போயிருந்தால் அவன் வேலை முடிந்தது. ஆனால் போகவில்லை. மூலையில் மடக்கி வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தான், திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலையும் வாளியையும் பார்த்தான். பிறகு கேட்டான்: "டீச்சரே, இந்தப் பேசின்ல முகம் கழுவுதது யாரு?"

மூன்று வருடத்தில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கடைக்காரர் கேட்கவில்லை, மாட்டின ஆள் கேட்கவில்லை, மகன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவன் தரையில் உட்கார்ந்து ஒரு சிமெண்டு பேப்பரில் படம் போட்டான். அன்றைக்கு அவன் டீச்சர், நான் மாணவி. அவன் சொன்னதை என் வழியில் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் குழாய் எதற்கு அப்படி வளைந்திருக்கிறது? நேராக இறக்கினால் என்ன? நேராக இறக்கினால் சாக்கடையின் நாற்றம் அதே குழாய் வழியாக மேலே ஏறி வீட்டுக்குள் வரும், பூச்சியும் வரும். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. தண்ணீர் கீழே போகலாம், காற்று மேலே வர முடியாது. இந்த வளைந்த குழாயை வைத்துக் கழிப்பறைக்கு 1775-ல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங், லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்தவர். இருநூற்றைம்பது வருடம் ஆகியும் நாம் அதே தத்துவத்தில்தான் இருக்கிறோம். பாட்டில் டிராப்பும் அதுவே. ஒரு கிண்ணத்துக்குள் குழாயின் முனை தண்ணீரில் முங்கி இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் சுமார் 2 அங்குலம் நிற்க வேண்டும்.

இங்கே ஒரு காரியம். நம் மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் நிறைய. திறந்த உடனே ஒரு நாற்றம் அடிக்கும். எலி செத்திருக்கிறது என்று தேடுவார்கள். எலி இல்லை, டிராப்பில் இருந்த தண்ணீர் வற்றியிருக்கும். எல்லாப் பேசினிலும் தரை ஓட்டையிலும் ஒரு கப் தண்ணீர் ஊற்றினால் சரியாகும். பூட்டிப் போகும்போது தண்ணீருக்கு மேல் ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் போனால் வற்றுவது தாமதமாகும்.

மோதிரமோ மூக்குத்தியோ பேசினில் விழுந்தால் உடனே குழாயை மூடுங்கள். அடியில் ஒரு வாளியை வைத்து, பாட்டில் டிராப்பின் கீழ்க் கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும். ஆனால் கழற்ற வேண்டுமென்றால் கிண்ணத்துக்குக் கீழே கை நுழைய இடம் வேண்டும், வாளி வைக்க இடம் வேண்டும். எங்கள் பழைய கப்போர்டில் அந்த இடம் இல்லை.

அவன் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். "டீச்சரே, கப்போர்டு செய்யுதவங்க குழாயை மறைக்கணும்னு நினைக்காங்க. அதுக்கு இடம் குடுக்கணும்னு நினைக்கல்ல."

குழாய்க்கு இடம் கொடுப்பது எப்படி? மாடி பாத்ரூமில் செய்து காட்டினான். அங்கே மகன் குடும்பம் வந்தால் மட்டும் புழங்குவார்கள், நின்று முகம் கழுவுகிறவர்கள். அங்கே இழுப்பறை வேண்டும். அதற்கு இழுப்பறையை 'ப' வடிவத்தில் செய்ய வேண்டும். மேலிருந்து பார்த்தால் நம் தமிழ் எழுத்து 'ப' மாதிரியே இருக்கும். மூடின பக்கம் நமக்கு, திறந்த பக்கம் சுவருக்கு. நடுவில் இருக்கிற பள்ளத்தில் குழாய் வந்து நிற்கும். இழுத்தால் இழுப்பறை முன்னால் வரும், குழாய் அதன் இடத்திலேயே நிற்கும். இடிக்காது. குழாயின் ரெண்டு பக்கமும் பிரஷ், பேஸ்ட், சீப்பு வைக்க நீளமான அறைகள் கிடைக்கும்.

அளவு எடுப்பதில்தான் காரியம் இருக்கிறது. பேசினையும் டிராப்பையும் முதலில் மாட்டிவிட வேண்டும், பிறகு அளக்க வேண்டும். படத்தைப் பார்த்து அளக்கக்கூடாது. கழிவுக் குழாய் ஒன்றேகால் அங்குலம்தான், ஆனால் டிராப்பின் கிண்ணம் அதைவிட அகலம். அந்தக் கிண்ணத்தின் ரெண்டு பக்கமும் கை நுழைந்து திருக 2 அங்குலமாவது விட வேண்டும். எங்கள் மாடியில் பள்ளம் 8 அங்குல அகலம் வந்தது. ஆங்கிள் காக் ரெண்டும் சாமான்களை அகற்றாமலே கைக்கு எட்ட வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹோஸ் வெடித்தால் ஷாம்பு பாட்டிலை அடுக்கிக்கொண்டிருக்க முடியுமா? பின்பலகை வேண்டாம், சுவர் தெரியட்டும். கப்போர்டு தரையைத் தொடக்கூடாது, 6 அங்குலம் உயரத்தில் நிற்கட்டும். துடைப்பம் போகும், காற்றும் போகும்.

கீழ் பாத்ரூமுக்கு வருவோம். அங்கே குழாய்க்கு மட்டும் இடம் கொடுத்தால் போதாது, ஒரு மனிதரின் முழங்காலுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

சுவர் நாலரை அடி, அதாவது 54 அங்குலம். நடுவில் 30 அங்குலம் ஒன்றுமே இல்லாமல் விட்டோம். மீதி 24-ஐ ரெண்டாக்கி, ரெண்டு பக்கமும் 12 அங்குல அகலத்தில் ஒடுக்கமான பெட்டிகள். முன்னால் நின்று பார்த்தால் மேலே கல், ரெண்டு பக்கமும் பெட்டி, கீழே திறந்த இடம். 'ப'-வைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி. குழாய்க்கு ஒரு 'ப', மனுஷனுக்கு ஒரு தலைகீழ் 'ப' என்று நான் சொன்னேன். பிளம்பர் சிரித்தான்.

உயரம் எவ்வளவு? அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி வகுத்த அளவுகளில், உட்கார்ந்து முகம் கழுவுகிற பேசினுக்கு அடியில் முழங்காலுக்கு 27 அங்குல உயரம் இருக்க வேண்டும், பேசினின் மேல் விளிம்பு 34 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அங்கே இருக்கும் என் அண்ணன் மகள் சொன்னாள். நாங்கள் 33 வைத்தோம். கல்லும் தொட்டியும் சேர்ந்து 6 அங்குலம், மீதி 27. கணக்கு சரியாக வந்தது. அதற்காக ஆழம் குறைந்த தொட்டி வாங்கினோம், கழிவு ஓட்டை பின்பக்கமாக இருக்கிறது. ஓட்டையிலிருந்து குழாய் நேரே கீழே இறங்காமல், தொட்டியின் அடியோடு ஒட்டிப் பின்னால் போய், சுவரோரமாக இறங்கி டிராப்பில் சேர்கிறது. முழங்காலில் இடிக்காது. அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு: அடியில் வருகிற குழாய்களை மூடி வைக்க வேண்டும். சுடுதண்ணீர்க் குழாய் சூடாக இருக்கும். உணர்ச்சி குறைந்த காலில் பட்டால் சுடுவதே தெரியாது. அவருடைய வலது கால் அப்படித்தான். சுடுதண்ணீர் ஹோஸில் பஞ்சு உறை போட்டோம்.

கல்லைப் பெட்டிகளின் மேல் மட்டும் நம்பி வைக்கவில்லை, சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்துத் தாங்க வைத்தோம். பிடித்து எழுந்திருக்க இடது பக்கம் ஒரு ஸ்டீல் கம்பி. அதுவும் சுவரில்தான், மரத்தில் இல்லை. இழுப்பறைகள் மூன்றும் இடது பக்கப் பெட்டியில், வேலை செய்கிற கைக்கு எட்டுகிற மாதிரி. வலது பக்கம் திறந்த தட்டு, டவலுக்கு.

மரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்ததே, நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். கடலில் போனவர்களை நினைத்து அழுத நாட்கள். அன்றைக்கு எங்கள் புரையிடத்தில் நின்ற அயினி மரம் சாய்ந்தது. அவருடைய அப்பா வைத்த மரம். விற்க மனமில்லாமல் அறுத்துப் பலகையாக்கி ஷெட்டில் அடுக்கி வைத்தார். "என்னத்துக்கு?" என்று நான் கேட்கும்போதெல்லாம் "கிடக்கட்டும், ஒரு காலம் வரும்" என்பார். ஏழு வருடம் நிழலில் காய்ந்த மரம். அயினிக்கு ஈரம் பெரிதில்லை. கேரளத்தில் சுண்டன் வள்ளங்கள் செய்வது இந்த மரத்தில்தான், அங்கே ஆஞ்ஞிலி என்பார்கள்.

ஆசாரி குமாரகோவில் பக்கத்துக்காரர், வயதானவர். பலகையைத் தட்டிப் பார்த்து, "டீச்சர், இத வச்சு வள்ளமே செய்யலாம், நீங்க சோப்பு வைக்கப் பெட்டி செய்யச் சொல்லுதிய" என்றார். நான் வருடா வருடம் உங்களை பத்மநாபபுரம் கொட்டாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேனே, நினைவிருக்கிறதா? தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலா மரத்தில் செதுக்கின அந்தத் தூணைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நிற்பீர்களே. இத்தனை மழைக்கும் அந்த மரமெல்லாம் எப்படி நிற்கிறது என்று ஆசாரியிடம் கேட்டேன். "நனையலாம் டீச்சர். நனைஞ்சா காயணும். காய விடாம அடைச்சு வச்சாத்தான் கெடும்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். மரத்தின் பக்கவாட்டு அதிகம் தண்ணீர் குடிக்காது, குறுக்கே அறுத்த முனைதான் குடிக்கும். எனக்கு உடனே நம் வகுப்பு நினைவு வந்தது. காசித்தும்பைச் செடியைச் சிவப்பு மைத் தண்ணீரில் வைப்போமே, தண்டு வழியாகச் சிவப்பு ஏறுமே, அதே கதைதான். அதனால் அறுத்த முனைகளுக்கும், குழாய்க்காக வெட்டின பள்ளத்தின் ஓரத்துக்கும் மூன்று தடவை பெயிண்ட் அடிக்க வைத்தார். பழைய ரெடிமேட் கப்போர்டு மரநாரைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. மேலே ஒட்டின தாள் இருக்கும்வரை பரவாயில்லை. ஓட்டை போட்ட இடத்தில் அந்தத் தாள் போயிற்று, அங்கிருந்து உப்ப ஆரம்பித்தது. மரம் இல்லாதவர்கள் பிளைவுட் வாங்கினால் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் தண்ணீர் தாங்கும் ரகம். வெட்டின ஓரத்தை அடைப்பது எதற்கானாலும் வேண்டும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக வைக்காதீர்கள். ரெண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும். என் கப்போர்டில் மூன்று வருடம் ரெண்டும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தன, அதுவும் கசிவுக்குக் கீழே. அறிவியல் பாடம் எடுத்தவள் வீட்டிலேயே இந்த லட்சணம். இன்னொரு கேடும் உண்டு. ஆசிட் பாட்டிலை மூடி வைத்தாலும் ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மூடின கப்போர்டுக்குள் அந்த ஆவி ஸ்டீல் கீலையும், தண்ணீர் ஹோஸின் மேல் பின்னியிருக்கிற ஸ்டீல் கம்பியையும் அரிக்கும். என் கதவு காலில் விழுந்ததற்கு ஈரம் பாதிக் காரணம், ஆசிட் பாதிக் காரணம் என்றான் பிளம்பர். ஹோஸைத் தொட்டுக் காட்டினான். பின்னல் கம்பி கையில் பொடியாக வந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வெடித்திருக்கும். இப்போது ஆசிட் வெளியே, பேரப்பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில் இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் வேறு இடத்தில்.

ஆவணியில் வேலை முடிந்தது. முதல் நாள் காலையில் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைக் கொண்டு போட்டுவிட்டு, "இஞ்ச பாருங்க, ஆசாரி இழுப்பறை சரியா ஓடுதான்னு கேட்டாரு. ஒண்ணு இழுத்துப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். கம்பை ஊன்றிப் போனார். உட்கார்ந்தார். முழங்கால் ரெண்டும் கல்லுக்கு அடியில் போயின. இடது கையால் மேல் இழுப்பறையை இழுத்தார், ஓடி வந்தது. உள்ளே அவருடைய பழைய ரேசர், பிரஷ், கிண்ணம். நான்தான் வைத்திருந்தேன்.

நான் அடுக்களைக்கு வந்துவிட்டேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது, திரும்ப ஓடியது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. போய்ப் பார்க்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்தார். தாடையில் ரெண்டு இடத்தில் வெட்டு, காதோரம் நுரை, வலது கன்னத்தில் ஒரு கொத்து மயிர் அப்படியே நின்றது. இடது கையால் செய்தது அல்லவா?

"காப்பி எங்கே?" என்றார்.

ஓணத்துக்கு மகன் வந்தான். அப்பா முகத்தைப் பார்த்தான், பிறகு பாத்ரூமைப் பார்த்தான். எனக்குப் பயம். பதினாலாயிரம் ரூபாய் சாமானை ஆக்கர்காரருக்குப் போட்டுவிட்டோமே என்று. அவன் ஒன்றும் பேசாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை உள்ளே விட்டு, குழாயைத் திறந்து முகம் கழுவினான். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். "அம்மா, நான் வாங்கும்போ அப்பா நிக்குத மாதிரிதான் என் மனசுல இருந்தாரு. என்கிட்ட ஏன் சொல்லல்ல?" என்று கேட்டான்.

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு நாம் நல்லதை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். அவர்களும் நாம் பழையபடி நின்றுகொண்டிருக்கிறோம் என்று நினைத்து, நின்றுகொண்டிருக்கிறவர்களுக்கு வேண்டியதை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் பிள்ளைகள்மேல் என்ன குற்றம்? சொல்லாதது நான்தானே.

அதனால் பிள்ளைகளே, வீட்டில் எதை மாற்றினாலும் அந்தப் பிளம்பர் கேட்ட கேள்வியை முதலில் கேளுங்கள். யாரு புழங்குதது? இன்றைக்கு மட்டும் இல்லை, பத்து வருடம் கழித்து யாரு, எப்படி? என் வயதுக்காரர்களே, நீங்கள் வாயைத் திறந்து சொல்லுங்கள். முழங்கால் இடிக்கிறது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு சின்ன வேலை. டிராப்புக்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். கசிவு இருந்தால் தாளில் வட்டமாகத் தெரியும். ஞாயிறுதோறும் நான் பார்க்கிறேன். இந்த வாரமும் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

வலது கன்னத்தில் அந்தக் கொத்து மயிர் மட்டும் இன்னும் தப்பிக்கொண்டே இருக்கிறது. நான் சொல்வதில்லை.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது மாற்றியிருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தக்கலை.